வாசல் மணி அடித்தாலே நாய் தலைகால் புரியாமல் குதிக்கிறது

கேள்வி:
எங்கள் நாய்க்கு ஒன்றரை வயது. யாராவது வீட்டுக்குள் வந்தால் போதும், மேலே பாய்ந்து, குரைத்து, சில நேரம் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடுகிறது. அதட்டினால் இன்னும் மோசம். இது சந்தோஷமா பயமா என்றே புரியவில்லை, என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் அதட்டுவதை நிறுத்துங்கள். சிறுநீர் விடுவது அடம் இல்லை, பதற்றம். வால் ஆடுவதை மட்டும் பார்த்து சந்தோஷம் என்று முடிவு செய்யாதீர்கள்; காது பின்னால் மடங்கி, உதட்டை நக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிந்தால் பெரும்பாலும் பயம்தான்.

பதில் 2:
எங்கள் வீட்டிலும் இதே கூத்து. வருகிறவர் நாயைப் பார்க்காமல், பேசாமல், பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும்; நாலு காலும் தரையில் பட்ட நொடியில் ஒரு சின்னத் தீனி, அதையும் கையை உயர்த்தாமல் தரையிலேயே போட வேண்டும். நாய் பழகிவிட்டது, விருந்தாளிகளைப் பழக்கத்தான் நாக்குத் தள்ளியது.

பதில் 3:
மணிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, மிக மெதுவாக ஒலிக்கவிட்டுத் தீனி கொடுங்கள், அப்புறம் நாள்போக்கில் கூட்டுங்கள். குரைத்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள்.

கேட்டவர்:
காது மடங்குகிறதுதான், இப்போதுதான் கவனித்தேன். சும்மா படுத்திருக்கும்போதும் சொட்டுகிறதே?

பதில் 1:
சரி, அப்படியானால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம்.