ஒரே வண்டியில் இரண்டு பேர்: பெஞ்சில் ஸ்பைன் போர்டை எப்படிக் கட்டுகிறீர்கள்?

108 ஆம்புலன்ஸ் இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்), பைலட் (ஓட்டுநர்) நண்பர்களே, ஒரு உதவி. விபத்தில் இரண்டு பேரை ஒன்றாக ஏற்ற வேண்டி வந்தால், மோசமானவர் ஸ்ட்ரெச்சரில். மற்றவர் ஸ்பைன் போர்டோடு (முதுகெலும்பு அசையாமல் படுக்கவைக்கும் பலகை) பக்கவாட்டு பெஞ்சில். அங்கே இருப்பதோ உட்காருபவருக்கான இடுப்பு பெல்ட். ஆளைக் குறுக்கே பிடிக்கும், அவ்வளவுதான். பிரேக் அடித்தால் போர்டு முன்பக்கம் வழுக்கும். கைப்பிடி ஓட்டையில் ஸ்ட்ராப் கோத்துப் பின்கதவுப் பக்கம் இழுத்துக் கட்ட எதைப் பிடிமானமாக வைக்கிறீர்கள்? பெஞ்சுக் கால் தாங்குமா?

ஆக்சிஜனும் சிக்கல்தான். ஒரே ஃப்ளோமீட்டரில் (நிமிடத்துக்கு எவ்வளவு போகிறது என்று காட்டும் கருவி) ஒய் கனெக்டர் போட்டு இரண்டு குழாயாகப் பிரித்தால் எதிர்ப்பு குறைந்த குழாய்க்கே அதிகம் போகும். யாருக்கு எவ்வளவு என்றே தெரியாது. நிரம்பிய பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர். இரண்டு பேருக்கும் ஆளுக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 75 நிமிடம், அதுவும் முழுதாகக் காலியாகும்வரை. இரண்டாவது ஃப்ளோமீட்டரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? படம் இருந்தால் போடுங்கள், நோயாளி முகம் இல்லாமல்.