டேனிஷ் காம்பிட்டில் தரப்படும் சிப்பாய்களை ஏற்பதா, மறுப்பதா?

கேள்வி: பாம்பன் கரையோரம்

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால், எங்கள் ஊரில் வலை பின்னும் கொட்டகையில் மாலைதோறும் சதுரங்கம் நடக்கிறது. படகு இன்ஜின் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர், வெள்ளைக்காய் கிடைத்தாலே 1.இ4 இ5 2.டி4 இ×டி4 3.சி3 என்று டேனிஷ் காம்பிட்டுக்கு (வேகமாகத் தாக்குவதற்காகத் தொடக்கத்திலேயே சிப்பாய்களைப் பலிகொடுக்கும் முறை) போய்விடுகிறார். நேற்று 3...டி×சி3 4.மந்திரி சி4 சி×பி2 5.மந்திரி×பி2 மந்திரி பி4 செக் 6.குதிரை சி3 குதிரை எஃப்6 7.குதிரை இ2 குதிரை×இ4 8.கோட்டை (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி வைப்பது) குதிரை×சி3 9.குதிரை×சி3 மந்திரி×சி3 10.மந்திரி×சி3 என ஆட்டம் போனது. மூன்று சிப்பாய்கள் கூடுதலாக இருக்கும் தைரியத்தில் நானும் கோட்டை கட்டினேன். 11.ராணி ஜி4 வந்தது, ஆட்டம் முடிந்துவிட்டது. இந்தச் சிப்பாய்களைத் தொடவே கூடாதா?

பதில்: தொண்டிக்காரன்

தம்பி, தொடலாம். ஆனால் தூண்டிலில் இரையை மட்டும் கொத்திக்கொண்டு விலகும் மீனைப் போல, உரிய நேரத்தில் விலகத் தெரிய வேண்டும். உங்கள் ஆட்டத்தில் 11...ஜி6 தவிர வேறு வழியில்லை, அதற்கு 12.ராணி டி4 என்று வந்தபின் ஜி7, எச்8 இரண்டிலும் மேட் மிரட்டல் இருக்கிறது. சி4 மந்திரி எஃப்7 சிப்பாயை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருப்பதால் (அது நகர்ந்தால் ராஜா செக்கில் மாட்டும்), அதை எஃப்6-க்குத் தள்ளி மறிக்கவும் முடியாது. இந்தக் காம்பிட்டின் உயிரே அந்த மந்திரிதான்.

ஆகவே 5.மந்திரி×பி2 ஆனதும் தயங்காமல் 5...டி5 ஆடுங்கள். 1910-இல் அப்போதைய உலகச் சாம்பியன் லாஸ்கருடன் உலகப் பட்டப் போட்டியைச் சமநிலையில் முடித்த ஆஸ்திரியர் கார்ல் ஷ்லெக்டரின் பெயரால் இந்தத் தற்காப்பு வழங்குகிறது. 6.மந்திரி×டி5 குதிரை எஃப்6 7.மந்திரி×எஃப்7 செக் ராஜா×எஃப்7 8.ராணி×டி8 என்று உங்கள் ராணி போவதைப் பார்த்துப் பதற வேண்டாம். 8...மந்திரி பி4 செக் வைத்தால், டி8-இல் நிற்கும் ராணியை உங்கள் யானையும் குறிவைப்பதால், அவர் 9.ராணி டி2 என்று திரும்பியே ஆக வேண்டும். 9...மந்திரி×டி2 செக் 10.குதிரை×டி2 என்றானபின் இருவருக்கும் ஐந்தைந்து சிப்பாய்கள். ராணிப்பக்கத்தில் அவருடைய ஒன்றுக்கு எதிராக உங்களுக்கு மூன்று. தாக்குதலை நம்பி ஆடுபவருக்கு இப்படி ராணியில்லாத ஆட்டம் கிடைத்தால் பாதி உற்சாகம் அங்கேயே போய்விடும்.

பதில்: கீழக்கரை வாத்தியார்

தொண்டிக்காரர் சொன்னது சரிதான். இருந்தாலும் கொட்டகை ஆட்டத்தில் ஐந்தாம் நகர்த்தல் வரை காத்திருப்பானேன் என்பது என் எண்ணம்; மூன்றாம் நகர்த்தலிலேயே 3...டி5 ஆடிவிடலாம். 4.இ×டி5 ராணி×டி5 5.சி×டி4 குதிரை சி6 6.குதிரை எஃப்3 மந்திரி ஜி4 7.மந்திரி இ2 மந்திரி பி4 செக் 8.குதிரை சி3 என்று வரும்போது, சி3 குதிரை கட்டுண்டிருப்பதால் உங்கள் ராணிக்கு ஆபத்தில்லை. அடுத்து 8...மந்திரி×எஃப்3 9.மந்திரி×எஃப்3 ராணி சி4. இந்த ராணி எஃப்1 கட்டத்தைக் காவல் காப்பதால் வெள்ளையால் கோட்டை கட்ட முடியாது, டி4 சிப்பாயோ துணையின்றித் தனித்து நிற்கும். 1926-இல் அமெரிக்காவின் லேக் ஹோபட்காங்கில் மார்ஷலுக்கு எதிராக அப்போதைய உலகச் சாம்பியன் காபபிளாங்கா இதையே ஆடினார். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

பாம்பன் கரையோரம்

இருவருக்கும் நன்றி. ஷ்லெக்டர் வழியில் அண்ணன் மந்திரியால் வெட்டாமல் 6.இ×டி5 என்று சிப்பாயால் வெட்டினால் என்ன செய்வது?

பதில்: தொண்டிக்காரன்

அது உங்களுக்கு நல்லதே. அந்தச் சிப்பாய் அவருடைய சி4 மந்திரியின் பாதையையே அடைத்துவிடும். குதிரை எஃப்6, மந்திரி டி6, கோட்டை என்று நிதானமாக ஆடினால் ஒரு சிப்பாய் உங்களுக்கு மிச்சம். நான்காம் நகர்த்தலில் அவர் 4.குதிரை×சி3 ஆடினால் மட்டும் சற்றுக் கவனம் தேவை. 4...குதிரை சி6 5.மந்திரி சி4 டி6 ஆடுங்கள். எப்போது ராணி பி3-க்கு வந்து எஃப்7-ஐ மிரட்டினாலும் உங்கள் ராணியை டி7-இல் வையுங்கள்.