பிடித்த கேமை மறுபடியும் தொடங்கவிடாமல் தடுக்கும் பகுதி உங்களுக்கு எது?

நெய்தல் (கேள்வி):

வணக்கம். மிகவும் பிடித்த ஒரு வீடியோ கேமை மறுபடியும் முதலிலிருந்து விளையாடலாம் என்று நினைத்த உடனேயே, அதில் வரும் ஏதோ ஒரு பகுதி நினைவுக்கு வந்து ஆர்வத்தைக் குலைத்துவிடுவது உங்களில் பலருக்கும் நேர்ந்திருக்கும். எனக்கு அது 2004-இல் வெளிவந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் வரும் விமானப் பயிற்சிப் பள்ளி. வெர்டன்ட் மெடோஸ் ஓடுதளத்தை வாங்கிய பிறகு, அங்குள்ள பத்துத் தேர்வுகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 70 விழுக்காடு எடுத்தால்தான் கதை மேலே நகரும். முதல் முறை விளையாடுபவர் விமானத்தைக் கிளப்பவும் இறக்கவும் அங்கேதான் கற்றுக்கொள்கிறார் என்பதால் அந்த ஏற்பாடு நியாயமானதுதான். ஆனால் கதையை ஏற்கெனவே முடித்து, அந்த வரைபடம் முழுவதையும் வானிலிருந்து பார்த்துவிட்ட ஒருவரையும் அதே பத்துத் தேர்வுகளுக்கு உட்கார வைக்கிறார்கள்.

கடினமான பகுதிகளைப் பற்றி நான் கேட்கவில்லை. இதே கேமில், நாயகனின் கூட்டாளியான பிக் ஸ்மோக்கைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் ரயிலைத் துரத்தும் மிஷனைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். ஆனால் ரயிலை ஒட்டிப் போகாமல் வலப்புறமாகச் சற்று விலகி ஓட்டினால் அவருக்குச் சுடுவதற்குக் கோணம் கிடைக்கும் என்பது தெரிந்துவிட்டால், மறுமுறை அது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நமக்குத் தெரிந்தது எதுவும் நேரத்தைக் குறைக்க உதவாத பகுதிகளே என் கேள்விக்குரியவை. உங்களுக்கு அப்படிப்பட்டது எது, அதை எப்படிக் கடக்கிறீர்கள்?

வடகரை:

நீங்கள் பிரித்துக் காட்டிய வேறுபாட்டுக்குச் நின்டெண்டோ நிறுவனத்தின் செல்டா கேம் வரிசையைவிடத் தெளிவான சான்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1998-இல் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த ஆக்கரினா ஆஃப் டைமில் உள்ள நீர்க்கோயிலைப் பலரும் புதிரின் கடினத்துக்காக வெறுத்ததாகச் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. நீர்மட்டத்தை மூன்று நிலைகளுக்கு மாற்றும் அந்தப் புதிர் மிக நேர்த்தியானது. ஒருமுறை மனத்தில் படிந்துவிட்டால் எந்த அறைக்கு எந்த மட்டம் என்பது மறக்காது. வெறுப்பூட்டுவது இரும்புக் காலணிதான். நீருக்கடியில் இறங்க அதை அணிய வேண்டும், மேலே வரக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி, மெனுவைத் திறந்து, உபகரணப் பக்கத்துக்குச் சென்று, தேர்ந்தெடுத்து, மூட வேண்டும். கோயிலை மனப்பாடமாக அறிந்தவரும் அதே எண்ணிக்கையில் மெனுவைத் திறந்து மூடுகிறார்.

அந்தக் கோயிலை வடிவமைத்த எய்ஜி அயோனுமாவே இந்தக் காலணித் தொல்லைக்குப் பின்னாளில் வருத்தம் தெரிவித்திருக்கிறார். 2011-இல் நின்டெண்டோவின் 3டிஎஸ் கையடக்கக் கருவிக்கு வந்த பதிப்பில் காலணியை ஒரே தொடுதலில் அணியும்படி மாற்றினார்கள். நீர்மட்டத்தை மாற்றும் இடங்களுக்கு வழிகாட்ட வண்ணக் கோடுகளையும் சேர்த்தார்கள். புதிர் அப்படியே இருக்க, சலிப்பு மட்டும் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

படகில் கடலைச் சுற்றிவரும் இன்னொரு செல்டா கேமான விண்ட் வேக்கரிலும் இதே கதைதான். 2002-இல் வந்த மூலப் பதிப்பில், டிரைஃபோர்ஸ் என்னும் புனிதப் பொருளின் எட்டுத் துண்டுகளுக்கும் முதலில் வரைபடம் தேட வேண்டும். பிறகு ஒவ்வொரு வரைபடத்தையும் படித்துச் சொல்ல டிங்கிள் என்னும் பாத்திரத்துக்கு 398 ரூபி (கேமின் நாணயம்) கொடுக்க வேண்டும். அதன் பிறகே கடலில் சென்று துண்டை மேலே இழுக்கலாம். இடையில் திசை மாறும்போதெல்லாம் காற்றையும் திருப்பிக்கொள்ள வேண்டும். 2013-இன் எச்டி பதிப்பில் ஐந்து துண்டுகள் வரைபடமே இல்லாமல் நேரடியாகக் கிடைக்கின்றன. காற்றைத் திருப்பத் தேவையில்லாத வேகப்பாயும் உண்டு. மறுபடியும் விளையாட விரும்புபவர்கள் எச்டி பதிப்பைத் தேடிப் பிடிப்பதே நல்லது என்பேன்.

மின்மினி:

எனக்கு டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009). மந்திரவாதிகளின் கோபுரத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது, சோம்பல் அரக்கன் எல்லோரையும் உறங்க வைத்து ஃபேட் என்னும் கனவுலகுக்கு அனுப்பிவிடுகிறான். தோழர்களோடு பேசுவதும் வாதிடுவதும்தான் இந்த கேமின் உயிர். அந்தத் தோழர்களை முழுவதுமாகப் பிரித்துவிட்டு, மங்கிய ஒளியில் நம்மைத் தனியே அலையவிடுகிறார்கள். எலி, ஆவி, எரியும் மனிதன், கோலெம் என்னும் கல்மனிதன் என நான்கு வடிவங்களைப் பெற்று, ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு முன்னும் பின்னுமாகப் போய்வர வேண்டும். வடிவம் மாறும் எண்ணம் முதல் முறை உண்மையிலேயே வியப்பைத் தந்தது. மறுமுறை போய்வருவது மட்டுமே மிஞ்சுகிறது.

கணினியில் விளையாடுபவர்களுக்கு இந்தப் பகுதியைத் தாண்டவைக்கும் ஒரு மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றநிரல்) இருக்கிறது. அதைச் செய்தவர் கவனித்த ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். கனவுலகில் ஆங்காங்கே நம் பாத்திரத்தின் ஆற்றலை நிரந்தரமாக உயர்த்தும் பொருள்கள் உள்ளன. வெறுமனே தாண்டினால் அவை கிடைக்காமல், எஞ்சிய ஆட்டம் முழுவதும் பின்தங்கிப் போவோம். ஆகவே அந்த மோட் அவற்றையும் நம் கணக்கில் சேர்த்துவிடுகிறது. சலிப்பான பகுதிகளில் மதிப்புமிக்க பரிசை வைத்துவிட்டால், விருப்பமில்லாதவரும் அதில் நுழைந்தே ஆக வேண்டியிருக்கிறது. இந்த வழக்கம் எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

தாழை:

சற்று மாறுபட்ட கருத்து என்னுடையது. ஹாஃப்-லைஃப் என்னும் கேமில் தண்டவாள வண்டியில் சுற்றித் திரியும் அத்தியாயம் நீளமாகவும் குழப்பமாகவும் இருக்கிறது என்ற குறை 1998 முதலே உண்டு. ரசிகர்கள் உருவாக்கிய பிளாக் மெசா என்னும் ரீமேக் 2012-இல் வெளிவந்தபோது அதைப் பெரிதும் சுருக்கினார்கள். பின்னர் வேறு சிலர், வெட்டியதைத் திரும்பச் சேர்க்கவென்றே தனி மோட் ஒன்றைச் செய்து வெளியிட்டார்கள். ஒருவர் தாண்ட விரும்புவதை இன்னொருவர் உழைத்து மீட்கிறார் என்றால், படைப்பிலிருந்தே நீக்குவது சரியான வழியாகாது.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இன் (2018) முதல் அத்தியாயத்தையும் மந்தமாக நகர்கிறது என்று பலர் வெறுக்கிறார்கள். பிளாக்வாட்டர் கொள்ளை தோற்று, காயம்பட்டவர்களோடு பனிமலைக்குள் தப்பிவந்த கூட்டம் அது. அங்கே குதிரை விரைந்து ஓடினால்தான் பிழை. பசியும் குளிரும் அச்சமும் அந்த மந்தமான நடையில்தான் தெரிகின்றன. முடிவை அறிந்த பிறகு, இவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் அந்த நாள்கள் எனக்கு முன்னைவிட ஆழமாகவே படுகின்றன.

நெய்தல்:

தாழை சொல்வதை ஏற்கிறேன். எதையும் வெட்டி எறிய நானும் விரும்பவில்லை. தேர்வு நம் கையில் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். 2013-இல் வந்த ஜிடிஏ 5-இல், ஒரு மிஷனின் ஒரு பகுதியில் மூன்று முறை தோற்றால் அதைத் தாண்டிச் செல்லலாமா என்று கேமே கேட்கிறது. அந்த வசதி தோற்றவருக்கு மட்டுமே உரியதாக இருக்கிறது. கதையை ஒரு முறை முழுமையாக முடித்தவரிடமும் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், விமானப் பள்ளியை நினைத்து சான் ஆண்ட்ரியாஸைத் தள்ளிப்போடும் நிலை எனக்கு வந்திருக்காது. மின்மினி, நீங்கள் சொல்வதுபோன்ற மோட் சான் ஆண்ட்ரியாஸின் கணினிப் பதிப்புக்கு உள்ளதா என்பது இங்கே யாருக்கேனும் தெரிந்தால் தெரிவிக்கவும்.