ஜெரேனியம் எண்ணெய்: வீட்டுச் சோப்புக்கு ஏற்றதா?

கேள்வி (தண்டையார்பேட்டை): வணக்கம். வீட்டிலேயே சோப்பு செய்து, தெரிந்தவர்களுக்கு விற்று வருகிறேன். ரோஜா மணம் கேட்பவர்களுக்காகப் பாரிமுனையில் விசாரித்தபோது, அசல் ரோஜா எண்ணெய் எனக்குக் கட்டுப்படியாகாது என்று கூறி ஜெரேனியம் எண்ணெயைக் காட்டினார்கள். கடைக்குக் கடை விலை பெரிதும் மாறுகிறது. இதை எதிலிருந்து எடுக்கிறார்கள்? சோப்பில் மணம் நிற்குமா? கொசுவை விரட்டுமா?

பதில் 1 (ராயபுரம்): அம்மா, இது பூவிலிருந்து எடுப்பதன்று. தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெலர்கோனியம் என்னும் செடியின் இலைகளையும் இளந்தண்டுகளையும் நீராவியில் வடித்து எடுக்கிறார்கள். எகிப்து, சீனா, ரியூனியன் தீவு ஆகிய இடங்களின் சரக்கு பெயர் பெற்றது. நம் ஏற்காடு, நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் இது பயிரிடப்பட்டிருக்கிறது. ஆயிரம் கிலோ இலைக்கு ஏறத்தாழ 1 முதல் 2 கிலோ எண்ணெய் கிடைக்கும். ரோஜாவிலோ 1 கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட இதழ்கள் தேவைப்படுவதால்தான் விலையில் அத்தனை இடைவெளி. சிட்ரொனெல்லால், ஜெரானியால் ஆகிய இரண்டு மணப்பொருள்களும் ரோஜாவிலும் இதிலும் இருப்பதால் மணம் நெருங்கி வருகிறது. அவை சோப்பு செய்யச் சேர்க்கும் காரத்தைத் தாங்குபவை என்பதால், சோப்புக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

விலை மிகவும் குறைவாக இருந்தால் பாமரோசாப் புல் எண்ணெயோ செயற்கை மணப்பொருளோ கலந்திருக்கக்கூடும். காகிதத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நல்ல எண்ணெயில் ரோஜாவோடு பச்சிலை வாசமும் சற்றே புதினாச் சாயலும் சேர்ந்து வரும்; வெறும் இனிப்பு வாசம் மட்டும் வந்தால் நான் வாங்க மாட்டேன். மறுநாளும் எண்ணெய்க் கறை தெளிவாகத் தெரிந்தால் சமையல் எண்ணெய் போன்ற ஏதோ சேர்ந்திருக்கலாம். பாமரோசாக் கலப்படத்தை மட்டும் இந்தச் சோதனையால் உறுதிசெய்ய முடியாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

பதில் 2 (பெரம்பூர்): கொசுவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜெரானியாலுக்குக் கொசுவை அண்டவிடாத தன்மை உண்டு. ஆனால் விரைவில் ஆவியாகிவிடுவதால் நீண்ட நேரம் நிற்காது. பக்கிங்காம் கால்வாயோரம் வசிப்பவர்கள் இதை நம்பிக் கொசுவலையைச் சுருட்டி வைத்துவிட வேண்டாம்.

பதில் 3 (வியாசர்பாடி): எண்ணெயை நேரடியாகத் தோலில் தடவச் சொல்லும் விளம்பரங்களை நம்பாதீர்கள். 100 மில்லி தேங்காயெண்ணெய்க்கு 1 மில்லி என்ற அளவே போதும். ஜெரானியால் சிலருக்கு ஒவ்வாமை தருவதாலும், பழைய எண்ணெய் காற்றுப்பட்டு மாறும்போது அந்த வாய்ப்பு கூடுவதாலும், நிறக்கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி வையுங்கள். சோப்பின் உறையிலும் இந்த எண்ணெயின் பெயரை எழுதிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் பார்த்து வாங்கிக்கொள்வார்கள்.