மறு: ‘நரம்பு மீட்பு’ வேண்டாம், ‘மூளைக்காப்பு’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நியூரோபுரொடெக்‌ஷனுக்கு (அதாவது, அடிபட்ட பிறகு மூளையும் நரம்புகளும் மேலும் சேதமாகாமல் காப்பதற்கு) நம் மருத்துவத் தமிழ்ச் சொற்பட்டியலுக்காக அண்ணன் சொன்ன ‘நரம்பு மீட்பு’ எனக்கு ஒப்பவில்லை. நம் பக்கம் ‘நரம்பு ஊசி’ என்றாலே ரத்தக்குழாயில் போடுவதுதான். அதைவிட, ‘மீட்பு’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

போன வருடம் என் சித்தப்பா மகன் நீலாம்பூர் பக்கம் பைக்கிலிருந்து விழுந்தான், ஹெல்மெட் இல்லை. ஐசியூ வாசலில் அவன் செருப்பை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்தபடி சித்தி உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னார்: “அடியில போனது போனதுதானுங்க. இனி வீக்கத்துல மிச்சமும் போகாம பாக்கோணும்.” நமக்கு வேண்டிய பொருள் அதில் முழுசாக இருக்கிறது. ‘மீட்பு’ என்றால், போனதும் திரும்பி வரும் என்று சித்தி நம்பியிருப்பார்.

‘காப்பு’ அப்படி ஏமாற்றாது. போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்து எறவாரத்தில் காப்புக் கட்டுகிறோமே, அது இனி வரக்கூடியதைத் தடுக்கத்தான். அடிபட்ட பிறகு என்ன காப்பு என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி. முதல் அடி முடிந்துவிட்டது. அதன் பின் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும் வீக்கம், அழற்சி, ஆக்சிஜன் குறைவு ஆகியவற்றுக்கு எதிரான காப்பு இது.

சொல்லில் இவ்வளவு நிதானம் கேட்கக் காரணம் உண்டு. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த ‘கிராஷ்’ என்ற பெரிய ஆய்வில், பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்த பிறகு, இறப்பு கூடியது தெரிந்து 2004-இல் நிறுத்தினார்கள். புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனும் 2014-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் பலன் தரவில்லை.

அடுத்து, பட்டியலுக்கு வந்த இன்னொரு சொல், ‘மாற்றிய ஹார்மோன்’, அதாவது மூலக்கூறில் மாற்றம் செய்த ஹார்மோன். இதை ஹார்மோன் மாற்று சிகிச்சையோடு குழப்பிக்கொள்வார்கள். சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். மிஞ்சினால் ரத்தம் கெட்டியாகி உறையும் ஆபத்து. அந்த வேலையை நீக்கி, மூளையைக் காக்கும் குணத்தை மட்டும் வைத்துக்கொள்ளத்தான் அதன் மூலக்கூறில் கார்பமைல் என்ற வேதித்தொகுதியைச் சேர்க்கிறார்கள். விலங்குச் சோதனைகளில் இதற்கு நல்ல பலன் தெரிந்தது. நாம் காடு திருத்துவது போலத்தான்: மண் அதே மண், வேண்டாத புதர் மட்டும் போகும். அதனால் ‘திருத்திய ஹார்மோன்’.

‘மூளைக்காப்பு’ என்றால் தண்டுவடத்தை விட்டுவிடுகிறோமே என்பீர்கள். அதற்குத் ‘தண்டுவடக்காப்பு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். சரி என்றால் வெள்ளிக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். முதல் அடிக்குப் பின் வரும் சேதத்துக்கான ‘பின்சேதம்’ என்ற சொல் பற்றி அக்கா இன்னும் பதில் போடவில்லை.