பழைய செரோகி: மண் பாதையில் ஊர்ந்தால் மட்டும் எஞ்சின் கொதிக்கிறது, எங்கிருந்து தேடுவது?

காட்டுப்பாதை:

வணக்கம். வண்டி 1998 ஜீப் செரோகி. 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். நெடுஞ்சாலையில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறது. மண் பாதையில் இறங்கி, நான்கு சக்கர இயக்கத்தில் லோ கியர் போட்டு மேடேறினால் முள் சிவப்பை நோக்கி நகரத் தொடங்குகிறது. நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டாலும் இறங்குவதில்லை. தார்ச்சாலைக்கு வந்து வேகமெடுத்தால் சில நிமிடங்களில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் புதியவை. அடுத்து ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதிலும் தீராவிட்டால் எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டாம். இப்படியே போனால் வண்டியில் பழையதாக மிஞ்சப்போவது பதிவெண் மட்டும்தான். தரையில் கசிவு எதுவும் இல்லை, கூலன்ட் அளவும் குறையவில்லை. எதை முதலில் பார்ப்பது?

அச்சாணி:

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பழைய வண்டிகளுக்கு அது தேவையே இல்லை.

நாலுகால் பாய்ச்சல்:

4.0 எஞ்சினா? சிலிண்டர் ஹெட்டில் விரிசல் இருக்கும். 0331 என்று வார்ப்பு எண் இருக்கிறதா பாருங்கள். அந்த ஹெட்டுகள் நடு சிலிண்டர்களுக்கு இடையே விரிசல் விடுவதற்குப் பேர்போனவை. இருந்தால் எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும்.

பழைய இரும்பு:

நண்பரே, ஸ்பானரைக் கீழே வையுங்கள். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் மேலே சொன்ன இரண்டையும் ஒதுக்கிவிடுகிறேன். 0331 ஹெட் 2000, 2001 செரோகிகளில் வந்தது. உங்களுடையது 1998. யாராவது பின்னாளில் ஹெட்டை மாற்றியிருந்தால் ஒழிய அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் யோசனையையும் விட்டுவிடுங்கள். இந்த எஞ்சினுக்கு 91 டிகிரி செல்சியஸில் திறக்கும் தெர்மோஸ்டாட்தான் பொருந்தும். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடேறவே சூடேறாது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கணினி பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும். மேட்டில் வரும் சூடோ அப்படியே இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எந்த வேகத்தில் சூடேறுகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வேகமாக ஓடும்போது சூடேறினால் கூலன்ட் ஓட்டத்தைச் சந்தேகிக்கலாம்: உள்ளே அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், தேய்ந்த பம்ப் இறக்கை, உறிஞ்சும்போது சப்பிப்போகும் கீழ்க்குழாய். மெதுவாகப் போகும்போது மட்டும் சூடேறி, வேகமெடுத்ததும் தணிந்தால் காற்றோட்டத்தில்தான் குறை. நெடுஞ்சாலையில் வண்டியின் வேகமே காற்றைத் தள்ளிவிடும். லோ கியரில் ஊரும்போது எஞ்சின் முக்கி உழைக்கிறது, வண்டியோ நடைவேகத்தில் போகிறது. அங்கே விசிறியை விட்டால் நாதியில்லை.

உங்கள் வண்டியில் இரண்டு விசிறிகள் பக்கத்துக்குப் பக்கமாக இருக்கின்றன. ஒன்றை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுற்றுகிறது, நடுவில் திரவக் கிளட்ச், சூடேறினால் விசிறியை இறுகப் பிடித்துச் சுற்றவைப்பது அதுதான். மற்றது மின்விசிறி. எஞ்சின் ஒரு வரம்பைத் தாண்டிச் சூடானால்தான் அது தானாக ஓடும். ஏசி போட்டால் உடனே ஓட வேண்டும். அது செத்திருந்தால் ரேடியேட்டரில் பாதிப் பரப்புக்கு நின்ற இடத்தில் காற்றே கிடையாது. நெடுஞ்சாலையில் இந்தக் குறை வெளியே தெரியாது.

ஆகவே எதையும் வாங்காமல் இவற்றைச் செய்யுங்கள்:

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். மின்விசிறி சுற்றுகிறதா?

எஞ்சின் நின்று நன்றாக ஆறிய பிறகு மற்ற விசிறியைக் கையால் சுழற்றுங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தள்ளிய வேகத்தில் தாராளமாகச் சுற்றிக்கொண்டே போனால் கிளட்ச் போய்விட்டது.

கிரில்லுக்குப் பின்னால் டார்ச் அடித்து, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். கண்டென்சர் முகப்பு பளபளவென்று இருக்கும், பின்னால் சேறும் புல்விதையும் அப்பியிருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. மண் பாதையில் ஓடும் வண்டிகளில் என் முதல் சந்தேகம் எப்போதுமே இதன் மேல்தான்.

முள்ளை நம்பாதீர்கள். அமெரிக்காவில் விற்ற கார்களுக்கு 1996 முதல் ஓபிடி 2 என்ற கோளாறு கண்டறியும் வசதி கட்டாயம், உங்கள் வண்டியிலும் அந்தச் சாக்கெட் இருக்கும். சின்ன ஸ்கேனரைச் செருகினால் கூலன்ட் வெப்பம் எண்ணாகவே தெரியும். 'சிவப்பை நோக்கி' என்பதை வைத்துக்கொண்டு நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

சுருள்வில்:

இரும்பு ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பம்ப் புதியது என்கிறீர்கள், சரியான பம்ப்தானா? பட்டைப் பெல்ட் போட்ட 4.0 எஞ்சினில் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும். பழைய 4.2 லிட்டர் எஞ்சினில் வி பெல்ட் என்பதால் பம்ப் சுற்றும் திசையே வேறு. இரண்டும் வெளியே ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டால் தண்ணீரைச் சரியாகத் தள்ளாது.

பழைய இரும்பு:

நல்ல ஞாபகம். ஆனால் பம்ப் மாறியிருந்தால் நெடுஞ்சாலையில் இவ்வளவு அமைதியாக ஓடாது. இப்போதைக்கு அதைப் பட்டியலின் அடியில் வைக்கலாம்.

காட்டுப்பாதை:

பார்த்துவிட்டேன். ஏசி போட்டும் மின்விசிறி அசையவில்லை. அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேக்குப் பதில் அதே வகை ரிலே ஒன்றை மாற்றிப் போட்டேன், அப்போதும் அசையவில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. இன்னொரு விசிறியைக் கையால் சுற்றினால் ஓரளவு பிடிக்கிறது, ஆனால் பலமாக இல்லை. கண்டென்சருக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். கீழ்ப்பாதியில் ரேடியேட்டரே கண்ணுக்குத் தெரியவில்லை, காய்ந்த சேறு சுவர் எழுப்பியிருக்கிறது. மோட்டாருக்குக் கேடு வராமல் அதை எப்படிச் சோதிப்பது? ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடட்டுமா?

சுருள்வில்:

மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயரில் நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, குறை வயரிங்கில். இணைப்பின் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா, பிளாஸ்டிக் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடையில் இறங்கும் வண்டிகளில் இது சகஜம். விரல்களை இறக்கைக்குத் தள்ளியே வையுங்கள்.

பழைய இரும்பு:

மூடியை ஆறிய பிறகு மட்டும் திறங்கள். இதில் விளையாட்டு வேண்டாம். தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்தது, 16 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஏறத்தாழ 129 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். அழுத்தம் போனால் 107 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூட்டில் மூடியைத் திருகினால் அந்த நொடியே உள்ளிருப்பது ஆவியாகி முகத்தில் அடிக்கும். மூடியின் ரப்பர் இறுகிப் போயிருந்தாலும் அழுத்தம் நிற்காது. ரேடியேட்டரை மாற்றச் சொல்வதற்கு முன்பு மூடியைச் சோதித்திருக்க வேண்டும்.

சேற்றைக் கழுவும்போது அழுத்தத் துப்பாக்கி வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். ரேடியேட்டரின் மேல் பிடிப்புகளைக் கழற்றினால் எஞ்சின் பக்கம் கொஞ்சம் சாய்க்கலாம். முதலில் நனைத்து ஊறவிடுங்கள், பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாக அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் ஆழமாகப் போகும்.

நாலுகால் பாய்ச்சல்:

ஹெட் கேஸ்கெட் இல்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

பழைய இரும்பு:

உறுதி என்று சொல்லவில்லை. கேஸ்கெட் போயிருந்தால் கூலன்ட் குறையும், அல்லது குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்ட கொஞ்ச நேரத்திலேயே மேல்குழாய் கல்லாக இறுகும், ரேடியேட்டரில் குமிழிகள் விடாமல் வரும். அவர் சொன்னதில் இவை எதுவும் இல்லை. சந்தேகம் தீர வேண்டுமென்றால் எரிந்த வாயுவைக் கண்டறியும் சோதனைத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகிவிடும். கூலன்ட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு செய்ய வேண்டும், திரவத்தில் கூலன்ட் ஏறிவிட்டால் சோதனை வீண்.

காட்டுப்பாதை:

நேரடி மின்சாரத்தில் மோட்டார் சுற்றியது. இணைப்பின் ஒரு முனை பச்சைப் பிடித்து, கம்பி அறுந்து தொங்கியது. புது இணைப்பு போட்டதும் ஏசியோடு விசிறியும் ஓடுகிறது. சேறு வாளி வாளியாக வந்தது. மூடியும் மாற்றிவிட்டேன். எரிந்த வாயுச் சோதனையில் திரவம் நீலமாகவே இருந்தது.

ஸ்கேனரோடு அதே மேட்டில் ஏறினேன். 103 வரை ஏறி, மின்விசிறி ஓடத் தொடங்கியதும் 98 பக்கம் இறங்குகிறது. நீண்ட ஏற்றத்தில் மட்டும் 107 வரை போய் அங்கேயே நிற்கிறது. இது சரியா?

பழைய இரும்பு:

ஆபத்தில்லை. ஆனால் ஏற்றத்தில் எஞ்சின் விசிறி கிளட்ச் பிடித்து, 'ஹூ' என்று இரைச்சல் கேட்க வேண்டும். கேட்கிறதா?

காட்டுப்பாதை:

இல்லை. இரைச்சலே இல்லை.

பழைய இரும்பு:

அப்படியென்றால் கிளட்ச்சை மாற்றுங்கள், இந்த முறை காரணம் தெரிந்து மாற்றுகிறீர்கள். ரேடியேட்டருக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

சுருள்வில்:

ரேடியேட்டரைத் திரும்பப் பொருத்தும்போது மேலும் பக்கங்களிலும் இருந்த ஸ்பாஞ்சுப் பட்டைகள் இருக்கின்றனவா பாருங்கள். அவை இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் ஓரமாகவே நழுவிவிடும்.

காட்டுப்பாதை:

ஒரு பக்கம் இல்லை. கிளட்ச்சோடு அதையும் ஒட்டிவிடுகிறேன்.