இஎஸ்ஐ வேலையிழப்பு உதவி: மீதி 60 நாள் கிடைக்குமா?

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருஷம் சிஎன்சி ஆபரேட்டராக இருந்தேன். ஜனவரியில் ஆட்குறைப்பு. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயின் அடல் பீமித் திட்டத்தில், வேலை போனவர்களுக்குச் சராசரி தினக்கூலியில் 50 சதவீதம் தருவார்கள். அதிகபட்சம் 90 நாள், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. நான் 30 நாளுக்குத்தான் வாங்கினேன். அதற்குள் வேறு வேலை கிடைத்தது, மூன்றே மாதத்தில் அதுவும் போய்விட்டது. மகளின் ஸ்கூல் ஃபீஸ் சீட்டு மட்டும் தேதி தவறாமல் வருகிறது.

இஎஸ்ஐ தளத்தில் என் ஐபி எண்ணை (காப்பீட்டு எண்) போட்டுப் பார்த்தேன். பழைய விண்ணப்பம்தான் தெரிகிறது. பழைய ஹெச்ஆர் போனை எடுப்பதில்லை. ஆதார், பாஸ்புக் நகல், சந்தா விவரம் எல்லாம் கையில் இருக்கிறது. ஒரு முறை வாங்கினால் முடிந்தது என்கிறார் ஒரு நண்பர். பிரித்தும் வாங்கலாம் என்கிறார் இன்னொருவர்.

இப்படி இரண்டு தடவையாக 90 நாளையும் வாங்கியவர்கள் இருந்தால், மீதி நாட்களுக்கு எப்படி விண்ணப்பித்தீர்கள்?